வாசகர் கேள்வி – பதில்: வங்கி வைப்புக்கு அரசு கொடுக்கும் வாக்கு

சென்ற இதழில், வங்கி வைப்புகளுக்கு அரசுகள் தரும் உத்தரவாதம் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், பக்கம் பக்கமாக எழுதிய பல விஷயங்களுக்கு வந்ததில்லை. அவற்றுள் சில கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): வங்கி வைப்புக்கு அரசு உத்தரவாதம் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் நம் பணத்துக்கு ஈடான தொகை எங்கேனும் தனியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா?

இல்லை. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரால் இரண்டு ஏற்பாடுகள் வழங்கிவருகின்றன. முதலாவது வைப்புக் காப்பீடு: சட்டத்தின்படி அமைந்த ஒரு நிறுவனம் வங்கிகளிடமிருந்து பிரீமியம் வாங்கி ஒரு நிதியைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வங்கி நொடித்துப்போகும்போது ஒவ்வொரு வைப்பீட்டாளருக்கும் குறிப்பிட்ட வரம்பு வரை பணத்தைத் திருப்பித் தருகிறது. இரண்டாவது, நெருக்கடி முற்றிய ஓர் இரவில் அமைச்சர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று, எல்லா வைப்புக்கும் அரசே பொறுப்பு என்று அறிவிப்பது. முதலாவதற்கு நிதியும் வரம்பும் உண்டு. இரண்டாவதற்கு முன்கூட்டிச் சேர்த்த நிதி கிடையாது. நாளைக்கு வரி விதித்து வசூலிக்க முடியும் என்ற ஆற்றல் ஒன்றே அதற்கு ஈடு.

முதலாவதிலும்கூட நிதி சிறியதுதான். காப்பீட்டுக்கு உட்பட்ட வைப்புகளில் குறைந்தது 1.35 விழுக்காடு நிதியில் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்த இலக்கு 0.8 விழுக்காடு. ஒன்றிரண்டு வங்கிகள் விழும் சாதாரண ஆண்டுகளுக்கு இது போதும். பல வங்கிகள் ஒன்றாகச் சரிந்தால் போதாது. அப்போது நிதிக்குப் பின்னால் அரசின் கருவூலம் வந்து நிற்கும் என்ற நம்பிக்கைதான் அமைப்பைத் தாங்குகிறது.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): துணிக்கடை நொடித்தால் அரசு காப்பாற்றுவதில்லை. வங்கிக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சலுகை?

வங்கி செய்யும் வேலையிலேயே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. கேட்ட கணமே திருப்பித் தருவேன் என்று சொல்லிப் பணத்தை வாங்குகிறது. அதையே பத்து, இருபது ஆண்டுகளுக்குத் திரும்பி வராத கடனாகக் கொடுக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால், கடன்கள் அனைத்தும் நல்ல கடன்களாகவே இருந்தாலும், கையில் பணம் இருக்காது. ஆகவே வங்கி நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்புகிறவர்கூட, மற்றவர்கள் பணத்தை எடுக்கப் போகிறார்கள் என்று சந்தேகித்தால், தாமும் முந்திக்கொண்டு ஓடுவதே அறிவுடைமை. ஓடுகிறவர் முட்டாள் அல்லர் என்பதுதான் இதில் வேதனையான இடம். இந்த நிலையை 1983இல் கணித வடிவில் காட்டிய டக்ளஸ் டைமண்ட், பிலிப் டிப்விக் ஆகிய இருவரும், பென் பெர்னான்கியுடன் சேர்ந்து, 2022இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பெற்றார்கள். நம்பத்தக்க உத்தரவாதம் ஒன்று இருந்தால் ஓடவேண்டிய காரணமே இல்லாமல் போகிறது. எவரும் ஓடாததால் உத்தரவாதத்துக்குச் செலவும் நேர்வதில்லை என்பது அவர்கள் காட்டிய அழகான முடிவு.

நடைமுறையிலும் அது ஒரு காலம் வரை உண்மையாயிற்று. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1933 ஜூனில் வைப்புக் காப்பீட்டுக்கான சட்டம் வந்தது. 1934 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வைப்பீட்டாளருக்கும் 2,500 டாலர் வரை காப்பு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு முழுவதிலும் காப்பீடு பெற்ற வங்கிகளில் நொடித்தவை ஒன்பதே. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தொடக்கத்தில் இத்திட்டத்தை விரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மோசமான வங்கிகளின் தவறுக்கு நல்ல வங்கிகள் தண்டம் கட்ட நேரும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது: அதற்கு முன் எட்டு அமெரிக்க மாநிலங்கள் தனித்தனியே இத்தகைய திட்டங்களை நடத்திப் பார்த்து, 1930க்குள் எட்டும் முடங்கிப்போயிருந்தன.

கேள்வி (சிறுதொழில் நடத்தும் வாசகர்): உத்தரவாதம் நல்லது என்றால் வரம்பு எதற்கு? முழுத் தொகைக்கும் அரசு பொறுப்பேற்றால் பீதியே வராதே?

கடிதங்களில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது, நேர்மையான கேள்வியும்கூட. அயர்லாந்தின் கதையைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இதற்குப் பதில் சொன்னதாகும்.

2008 செப்டம்பர் 20 அன்று அயர்லாந்து தன் காப்பு வரம்பை 20,000 யூரோவிலிருந்து 1,00,000 யூரோவாக உயர்த்தியது. சாதாரணச் சேமிப்பாளர்களைப் பொறுத்தவரை அதுவே போதுமானது. ஆனால் அந்நாட்டு வங்கிகள் கட்டட மனைக் கடன்களில் கழுத்துவரை மூழ்கியிருந்தன; அவற்றுக்குப் பணம் கொடுத்திருந்த பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு வங்கிகளும் தவணை முடிந்ததும் அந்தக் கடனைப் புதுப்பிக்க மறுத்துக்கொண்டிருந்தன. செப்டம்பர் 29 இரவு முழுவதும் நடந்த ஆலோசனைக்குப் பின், மறுநாள் காலை அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆறு வங்கிகளின் வைப்புகள் அனைத்துக்கும், அவற்றோடு அவ்வங்கிகள் வெளியிட்ட கடன்பத்திரங்களில் பெரும்பகுதிக்கும், இரண்டு ஆண்டுகளுக்கு அரசு பொறுப்பு. மொத்தம் ஏறத்தாழ 44,000 கோடி யூரோ. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

அன்று காலை இந்த முடிவு மலிவான மருத்துவமாகத் தோன்றியது. வங்கிகளுக்குத் தட்டுப்பாடு ரொக்கத்தில் மட்டுமே, மூலதனத்தில் அன்று என்று அரசு நம்பியது. ரொக்கத் தட்டுப்பாடு மட்டும் என்றால் டைமண்டும் டிப்விக்கும் சொன்னபடி வாக்குக் கொடுத்த அளவிலேயே தீர்ந்திருக்கும். உண்மையில் கடன்களே கெட்டிருந்தன. ஓட்டை விழுந்த பானைக்கு மூடி போட்ட கதைதான் நடந்தது. வங்கிகளை மீட்க அயர்லாந்து அரசு இறுதியில் போட்ட தொகை சுமார் 6,400 கோடி யூரோ. இரண்டே ஆண்டுகளில், 2010 நவம்பரில், அந்த அரசே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் கடன் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. அரசு செலவுகளை வெட்டி, வரிகளை உயர்த்தி அந்தச் சுமையைச் சுமந்தவர்களில், அந்தக் கடன்பத்திரங்களைக் கண்ணாலும் பார்த்திராதவர்களே மிகுதி.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, சேமிப்பாளரைக் காக்கும் வாக்கும் வங்கிக்குத் தொழில்முறையில் கடன் கொடுத்தவரைக் காக்கும் வாக்கும் ஒன்றல்ல என்பதே. பின்னவர் அபாயத்துக்காகவே கூடுதல் வட்டி வாங்கியவர். வட்டி அவருக்கு, இழப்பு வரி கட்டுபவருக்கு என்றால், கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கணக்குத்தான். வரம்பு என்பது இந்த இரு வகையாரையும் பிரிக்கும் கோடு. கோடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று வாதிடலாம். கோடே வேண்டாம் என்பவர்கள் அயர்லாந்தின் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

கேள்வி (வங்கி ஊழியர் ஒருவர்): உத்தரவாதம் இருப்பதால் வங்கிகள் துணிந்து ஆபத்தான கடன்களைக் கொடுக்கின்றன என்பது ஏட்டுச் சுரைக்காயா, நடந்த செய்தியா?

நடந்த செய்தி. அமெரிக்காவில் வீட்டுக்கடன் கொடுப்பதற்கென்றே இருந்த சேமிப்பு நிறுவனங்கள், 1970களின் இறுதியில் வட்டிவிகிதம் ஏறியபோது பெரும் இழப்பில் விழுந்தன. பழைய வீட்டுக்கடன்களிலிருந்து குறைந்த வட்டி வந்துகொண்டிருக்க, புதிய வைப்புகளுக்கு உயர்ந்த வட்டி கொடுக்க வேண்டிய நிலை. அந்த நேரத்தில், 1980இல், காப்பு வரம்பு 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலருக்கு உயர்த்தப்பட்டது. என்னென்ன தொழில்களில் முதலிடலாம் என்ற கட்டுப்பாடுகளும் தளர்த்தப்பட்டன. மூலதனம் கரைந்த நிறுவனத்தின் உரிமையாளரிடம் இழக்க எதுவும் மிச்சமில்லை. பெரிய சூதாட்டத்தில் வென்றால் லாபம் அவருக்கு. தோற்றால் இழப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வைப்பீட்டாளரும் இதற்குத் துணை போனார், குற்ற உணர்வு ஏதுமின்றி. எந்த நிறுவனம் அதிக வட்டி தருகிறதோ அங்கே பணத்தைப் போட்டார். அது ஏன் அதிக வட்டி தருகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, அரசின் காப்பு இருக்கிறதே. தரகர்கள் பெருந்தொகைகளை 1,00,000 டாலர் துண்டுகளாக நறுக்கி நாடெங்கும் உள்ள நிறுவனங்களில் போட்டுக் கொடுத்தார்கள். மூட வேண்டியவற்றைக் கட்டுப்பாட்டாளர்கள் உரிய காலத்தில் மூடாமல் விட்டதால் புண் புரையோடியது. இந்நிறுவனங்களுக்கென இருந்த காப்பீட்டுக் கழகமே நொடித்து 1989இல் கலைக்கப்பட்டது. வரி கட்டுபவர்கள் ஏற்ற இழப்பு சுமார் 12,400 கோடி டாலர்.

உத்தரவாதம் வந்தால் வைப்பீட்டாளர் காவல் காப்பதை நிறுத்திவிடுகிறார். அந்த இடத்தில் இன்னொரு காவலாளி நின்றாக வேண்டும். அஸ்லி டெமிர்கூச்-குன்ட், என்ரிகா டெட்ராஜியாக் ஆகிய ஆய்வாளர்கள் 1980 முதல் 1997 வரையிலான காலத்துக்கு 61 நாடுகளை ஒப்பிட்டபோது, வெளிப்படையான வைப்புக் காப்பீடு உள்ள இடங்களில் வங்கி நெருக்கடி வரும் வாய்ப்பு கூடுவதையும், சட்டமும் மேற்பார்வையும் வலுவாக உள்ள இடங்களில் அந்த விளைவு தணிவதையும் கண்டார்கள்.

கேள்வி: வைப்பீட்டாளரும் கொஞ்சம் இழக்கட்டும் என்று வைத்தால் அவர் விழிப்பாக இருப்பார் அல்லவா?

பிரிட்டன் அப்படித்தான் வைத்திருந்தது. முதல் 2,000 பவுண்டுக்கு முழுக் காப்பு. அடுத்த 33,000 பவுண்டுக்கு 90 விழுக்காடு. காகிதத்தில் இது மிக நியாயமாகத் தெரியும். 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கி, நாட்டின் மைய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்திடம் அவசர உதவி கேட்ட செய்தி வெளிவந்ததும், பத்தில் ஒரு பங்கை ஏன் இழக்க வேண்டும் என்று மக்கள் கிளைகளின் முன் வரிசை கட்டி நின்றார்கள். செப்டம்பர் 17 அன்று அரசு அவ்வங்கியின் வைப்புகள் அனைத்துக்கும் உத்தரவாதம் தந்தது; அடுத்த மாதத்தின் முதல் நாளே 35,000 பவுண்டு வரை முழுக் காப்பு என்று விதி மாறியது. சிறு சேமிப்பாளரிடம் வங்கியின் கணக்கேட்டைப் படித்துக் காவல் காக்கச் சொல்வது நடவாத காரியம். அவரால் செய்ய முடிவது ஓடுவது ஒன்றே.

கேள்வி (பொருளியல் படிக்கும் மாணவர்): ஒரு நாட்டின் உத்தரவாதம் வங்கிகளுக்கு வெளியேயும் விளைவை உண்டாக்குமா?

கட்டாயம் உண்டாக்கும், பேசப்படாமல் போவதும் இதுதான். பணம் நீரைப் போன்றது. ஓர் இடத்தில் கரை எழுப்பினால் அங்கே தங்காத நீர் வேறெங்கோ பாயும், அல்லது வேறெங்கோ இருப்பது இங்கே வந்து சேரும். அயர்லாந்து அறிவித்த சில நாட்களிலேயே பிரிட்டனிலிருந்து வைப்புகள் அங்கே நகரத் தொடங்கின. அண்டை நாடுகள் கோபப்பட்டன. பிறகு அவையும் பின்தொடர்ந்தன. அக்டோபர் 5 அன்று ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் மெர்க்கல் அந்நாட்டுச் சேமிப்பு வைப்புகள் பாதுகாப்பானவை என்று வாக்களித்தார். எவரும் விரும்பாத ஓட்டப்பந்தயம் அது. முதலில் ஓடியவருக்குத் தற்காலிக ஆதாயம். எல்லோரும் ஓடிய பின் ஆதாயம் யாருக்கும் இல்லை, சுமை மட்டும் எல்லோருக்கும்.

ஒரே நாட்டுக்குள்ளும் இது நிகழும். 2008 அக்டோபர் 12 அன்று ஆஸ்திரேலியா வங்கி வைப்புகளுக்கு உத்தரவாதம் தந்தது. வங்கிகள் அமைதியடைந்தன. ஆனால் உத்தரவாதம் இல்லாத அடமான முதலீட்டு நிதியங்களிலிருந்து மக்கள் பணத்தை எடுத்து வங்கிக்கு மாற்ற முனைந்ததால், அந்நிதியங்கள் பல, பணம் திருப்பித் தருவதையே நிறுத்திவைத்தன. அவை செய்த தவறு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒன்றே.

அப்படியானால் கோட்டை அகலமாக வரைவோம் என்று நினைத்தது நியூசிலாந்து. அதே மாதம் அது கொடுத்த உத்தரவாதத்தில் வங்கிகளோடு நிதி நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் ஒன்றான சவுத் கேன்டர்பரி ஃபைனான்ஸ் 2010 ஆகஸ்ட் இறுதியில் விழுந்தபோது, அரசு அதன் வைப்பீட்டாளர்களுக்கு 150 கோடிக்கும் மேற்பட்ட நியூசிலாந்து டாலரைக் கொடுக்க நேர்ந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் திட்டத்தை முடித்துக்கொண்ட நியூசிலாந்து, பல ஆண்டுகள் எந்தக் காப்பும் இல்லாமலே இருந்துவிட்டு, 2025 ஜூலையில்தான் ஒருவருக்கு 1,00,000 நியூசிலாந்து டாலர் என்ற வரம்போடு நிலையான காப்பீட்டைக் கொண்டுவந்தது.

கேள்வி: பிரீமியத்தை வங்கி கட்டுகிறதா, நாம் கட்டுகிறோமா?

காசோலை எழுதுவது வங்கி, காலப்போக்கில் அதில் ஒரு பகுதி நம் வைப்பு வட்டியிலிருந்தும் கடன் வட்டியிலிருந்தும் வரும். அதைவிட முக்கியமானது, எல்லா வங்கிக்கும் ஒரே விகிதமா என்பது. ஒரே விகிதம் என்றால் கவனமாக நடக்கும் வங்கி கவனமற்ற வங்கிக்கு மானியம் கொடுக்கிறது. இந்தியாவில் 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததைத் தொடர்ந்து 1961இல் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் 1,500 ரூபாய் வரை காப்பு வந்தது. 2020இலிருந்து வரம்பு 5 லட்சம் ரூபாய். அங்கும் மிக நீண்ட காலம் நல்ல வங்கிக்கும் நலிந்த வங்கிக்கும் ஒரே விகிதமே இருந்துவந்தது. அபாயத்துக்கேற்ற பிரீமியம் என்பதற்கு அமெரிக்கா, மேலே சொன்ன சேமிப்பு நிறுவனங்களின் பாடத்துக்குப் பிறகு, 1991இல் சட்டம் இயற்றியது.

கேள்வி (கணக்குத் தணிக்கையாளர்): வரம்பு என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும், பெரிய வங்கி விழும்போது அரசு முழுவதையும் கொடுத்துவிடுகிறதே? பிறகு வரம்புக்கு என்ன பொருள்?

உங்கள் ஐயம் நியாயமானது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் எடுப்பதற்கென மேலும் 10,000 கோடி டாலருக்குக் கோரிக்கைகள் காத்திருந்தன. வரிசையில் நிற்கத் தேவையில்லாத காலம், கைப்பேசி போதும். அதன் வைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 2,50,000 டாலர் வரம்புக்கு வெளியே இருந்தவை. மார்ச் 12 அன்று, அமைப்பு முழுமைக்கும் ஆபத்து என்ற விதிவிலக்கைப் பயன்படுத்தி, அவ்வங்கியிலும் அதே நாட்களில் விழுந்த சிக்னேச்சர் வங்கியிலும் இருந்த எல்லா வைப்புகளையும் அரசு காத்தது. செலவைப் பிற பெரிய வங்கிகளிடமிருந்து தனித் தீர்வையாக வசூலித்தார்கள். பங்குதாரர்கள் முதலீட்டை இழந்தார்கள். இவ்வளவில் அது அயர்லாந்தின் வழியைவிட மேலானது. ஆனாலும் அன்றைக்குப் பின், இன்னொரு பெரிய வங்கியில் வரம்புக்கு மேல் பணம் போடும் நிறுவன மேலாளர் என்ன நினைப்பார்? கேட்காமலே கிடைத்த வாக்கு அவர் மனத்தில் பதிந்துவிட்டது. அந்த வாக்குக்கென அவர் வங்கி முன்கூட்டித் தனிப் பிரீமியம் எதுவும் கட்டவில்லை.

எதிர்த்திசையிலும் அரசுகள் வரம்பைச் சிதைத்ததுண்டு. 2013 மார்ச்சில் சைப்ரஸில் வங்கி நெருக்கடியைத் தீர்க்க முதலில் வகுத்த திட்டம், காப்புக்குட்பட்ட 1,00,000 யூரோவுக்குக் கீழுள்ள வைப்புகளிலிருந்தும் 6.75 விழுக்காடு பிடித்துக்கொள்வதாக இருந்தது. பெயர் வரி, செயல் வாக்குமீறல். நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. பிறகு சிறு வைப்புகள் தப்பின. பாங்க் ஆஃப் சைப்ரஸில் வரம்புக்கு மேலிருந்த பணத்தில் 47.5 விழுக்காடு பங்காக மாற்றப்பட்டது.

கேள்வி (ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர்): சம்பளம் கொடுக்க வைத்திருக்கும் பணம் எப்போதும் வரம்பைத் தாண்டிவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வழி இல்லையா?

சிலிகான் வேலி வங்கியின் வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்க வைப்புக் காப்பீட்டுக் கழகம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் எடுத்துக்கொண்டது. வரம்பை உயர்த்துவது, வரம்பே இல்லாமல் செய்வது, தொழில் நிறுவனங்களின் பட்டுவாடாக் கணக்குகளுக்கு மட்டும் கூடுதல் காப்புத் தருவது என்ற மூன்றையும் ஒப்பிட்டு, மூன்றாவதையே சிறந்ததாகக் கருதியது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சம்பளப் பணம் வட்டி தேடி வந்த முதலீடு அல்ல; வேறு வழியின்றி வங்கியில் தங்கும் பணம். சிக்கல், முதலீட்டுப் பணம் பட்டுவாடாப் பணத்தின் வேடம் பூண்டு உள்ளே நுழைவதைத் தடுப்பது எப்படி என்பதே.

ஜப்பான் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டது. 1996இல் அது எல்லா வைப்புக்கும் முழுக் காப்புத் தந்திருந்தது. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவது கொடுப்பதைவிடக் கடினம் என்பதை அறிந்து, ஆண்டுக்கணக்கில் அவகாசம் தந்து, 2002 ஏப்ரலில் குறித்தகால வைப்புகளுக்கும் 2005 ஏப்ரலில் சாதாரணச் சேமிப்புகளுக்கும் ஒரு கோடி யென் என்ற வரம்பை மீண்டும் கொண்டுவந்தது. முதல் கட்டம் நெருங்கியபோது மக்கள் குறித்தகால வைப்பை முறித்து, காப்பு நீடித்த சாதாரணக் கணக்குகளுக்குப் பணத்தை மாற்றினார்கள். நீர் போகும் வழி அங்கும் அதுதான். ஆனால் பட்டுவாடாவுக்கான ஒரு வகைக் கணக்குக்கு மட்டும் இன்றும் முழுக் காப்பு உண்டு. முக்கியமான நிபந்தனை: அந்தக் கணக்குக்கு வட்டி கிடையாது.